ஈரம் படாமல் வைக்கவும்

நாட்டுக்கு நூறு வயதாம்.
நான்கு வட்டாரம், நான்கு கூடம்,
இருக்கும் ஓவியங்களைப் பிரித்து மாட்டு என்றார்கள்.
ரீகா அருங்காட்சியகக் கிடங்கில் என் வேலை
ஆணி, மட்டக்கோல், வெள்ளைக் கையுறை.
ஓவியம் எப்படி என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.
எடை எவ்வளவு என்று கேட்பார்கள்.

குர்செமேவுக்குக் கடல்.
வலை, படகு, புகையில் தொங்கும் மீன்,
காற்றுக்குக் குனிந்தே வளர்ந்த பைன்கள்.
செம்கலேவுக்குக் கோதுமை;
கிடங்கிலிருந்த மஞ்சள் அத்தனையும்
அந்த ஒரு சுவருக்கே செலவாகிவிட்டது.
விட்செமேவுக்குக் குன்று, பிர்ச் மரம்,
மார்ச்சிலும் போக மனமில்லாத பனி.
லாட்கலேவில் ஏரி ஆயிரம்,
ஓவியமாய் வந்தது ஆறு.
"சாயம் வாங்கக் காசிருந்தவன்
எங்கள் பக்கம் எதற்கு வந்தான்?" என்றாள்
தரை துடைத்துக்கொண்டிருந்த அனேலியா.

மிஞ்சியது ஒன்று.
கையெழுத்து இல்லை, பதிவேட்டில் ஊர் இல்லை.
ஒரு மண்சாலை, மழைக்குப் பின்.
வண்டித் தடத்தில் தண்ணீர்,
தண்ணீரில் கொஞ்சம் வானம்,
வளைவில் ஒரு குச்சி.

நான்கு வட்டாரத்துக்கும் கடிதம் போயிற்று.

கெதெர்ட்ஸ் கடற்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார்.
"வானம் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது பாருங்கள்.
கடல் அருகில் இல்லாமல் இது நடக்காது."
ஸ்கைத்ரீதே விரலைப் படத்தில் படாமல் ஓட்டினாள்:
"இந்த இறக்கத்தில்தான் என் சைக்கிள் பிரேக் அறுந்தது."
முழங்காலைக்கூடக் காட்டத் தயாராக இருந்தாள்.
செம்கலேவிலிருந்து ஆள் வரவில்லை, பதில் வந்தது.
பூட்ஸைப் பிடித்து இழுக்கும் அந்தக் களிமண்
வேறு யாரிடமும் கிடையாதாம்.

வளைவில் நிற்பது சிலுவை என்றாள் அனேலியா.
எங்கள் சாலைகளில்தான் கர்த்தர் மழையில் நிற்பார் என்றாள்.
தந்திக் கம்பம் என்றார் கெதெர்ட்ஸ்.
பூதக்கண்ணாடி கொண்டுவந்தேன்.
நெட்டாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கீற்று.
இரண்டுக்கும் அது போதுமானதாக இருந்தது.

பொழுதில் யாருக்கும் சண்டையில்லை.
அக்டோபர் கடைசி:
உருளைக்கிழங்கு வீட்டுக்கு வந்துவிட்டது,
பனி இன்னும் வரவில்லை.
நிலத்தில்தான் வழக்கு.

மாலையில், சட்டத்தை மாற்றலாமென்று
திருகாணிகளைக் கழற்றினேன்.
துணியில் வரையவில்லை, அட்டை.
பின்புறம் ஆங்கிலத்தில் கறுப்பு அச்சு:
பால் பொடி, இருபத்துநான்கு டப்பா,
ஈரம் படாமல் வைக்கவும்.
அதன் கீழே பென்சிலில், நம் மொழியில்:
குடில் ஒன்பது, கட்டில் நான்கு,
ஜெர்மனி, நாற்பத்தாறு ஜூலை.
இங்கே மழையே இல்லை.

சாம்பல் நிறம் ராணுவ லாரிக்கு அடிப்பது என்றார்கள்
பழுதுபார்க்கும் அறையில்.
பழுப்பைப் பற்றி நிச்சயமில்லை;
காப்பி வண்டலாக இருக்கலாம்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு ஸ்கைத்ரீதே சொன்னாள்,
"இருந்தாலும் இறக்கம் எங்களுடையது."
வானத்தை விட்டுத்தர கெதெர்ட்ஸும் தயாராக இல்லை.
"முகாமில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள்"
என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள் அனேலியா.

ஐந்தாவது கூடம் கட்டிடத்தில் இல்லை.
இரண்டாம் கூடத்திலிருந்து மூன்றாவதற்குப் போகும் வழியில்,
தீயணைப்பான் சிவப்புக்குப் பக்கத்தில்,
ஒரு முழம் சுவர் சும்மா இருந்தது.
மட்டம் பார்த்து மாட்டினேன்.

பெயரட்டைக்கான கணினி
'இடம்' என்ற கட்டத்தைக் காலியாக விடச் சம்மதிக்கவில்லை.
மூன்று முறை சிவந்து காட்டியது.
'சாலை' என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.

இயக்குநர் அறையிலிருந்து போன் வந்தது,
காப்பீட்டுப் பட்டியலுக்காக.
சட்டத்தோடு எண்ணூறு கிராம் என்றேன்.